பேரனின் விளையாட்டுப் பெட்டியும் என் இடது கண்ணும்

சென்ற கோடை விடுமுறையில் பெரம்பலூரில் மகள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அரியலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் போய்த் தங்குவது வருடத்துக்கு ஒரு முறை என்றாகிவிட்டது. பேரன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நான் போனபோது மாடி அறையில் பிளைவுட் துண்டுகளையும் ஒயர்களையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா தம்பி இது?" என்றேன்.

"ஆர்கேட் கன்ட்ரோல் பேனல் தாத்தா. நானே செய்யறேன்" என்றான்.

என் வயதுக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொருட்காட்சியில் காசு போட்டு ஆடும் ஆள் உயரப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே திரை, இடுப்பளவில் ஒரு சாய்ந்த பலகை, பலகையில் ஒரு குச்சியும் சில பொத்தான்களும். அமெரிக்காவில் 1972-இல் அட்டாரி கம்பெனி 'பாங்' என்ற ஆட்டத்தை இப்படிப் பெட்டியில் கொண்டுவந்தது. 1978-இல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கொண்டுவந்த பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. 1991-இல் வந்த ஒரு சண்டை ஆட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஆறு பொத்தான் வேண்டியிருந்ததாம். அதே அமைப்பைத்தான் பேரன் செய்துகொண்டிருந்தான்: இரண்டடி அகலப் பலகை, இரண்டு குச்சி, பன்னிரண்டு பொத்தான்.

பலகையின் மேல் ஒட்ட அவனே ஒரு படம் வரைந்து அச்சடித்து வைத்திருந்தான். நம் அரியலூர்ப் பக்கம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்ததல்லவா, அந்தக் கடல். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கிற சுருள் சங்குகள், அம்மோனைட் என்கிறார்களே, அவை உயிரோடு நீந்துவதுபோல வரைந்திருந்தான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அந்தப் படத்தின் மேல் 3 மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடி போன்ற ஒரு அக்ரிலிக் தகட்டைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் கை வேர்வையும் உராய்வும் சேர்ந்து படத்தை ஒரு மாதத்தில் அழித்துவிடும். "தாத்தா, உங்களுக்குத்தான் பொறுமை. நாலு மூலை ஸ்குருவையும் நீங்க முடுக்குங்க" என்றான். முப்பத்தாறு வருடம் வருவாய்த்துறையில் கோப்புக் கட்டியவன் நான். எதையும் இறுக்கிக் கட்டித்தான் பழக்கம். நாலாவது ஸ்குருவில், இன்னும் ஒரு சுற்று இருக்கட்டுமே என்று திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மூலையிலிருந்து முதல் பொத்தான் துளை வரைக்கும் முடி மாதிரி ஒரு விரிசல்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல தாத்தா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. சேர்த்து வைத்த காசில் அவன் வாங்கிய தகடு அது.

நான் மட்டும் அந்தத் தகட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பொருளை எனக்கு அறுபது வருடமாகத் தெரியும்.

காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். எங்கள் கணக்கு முசியேவிடம் ஒளி ஊடுருவும் ஒரு மூலைமட்டம் இருந்தது. கண்ணாடி என்று நினைத்தோம். ஒரு நாள் அது மேசையிலிருந்து விழுந்தது, உடையவில்லை. "ப்ளெக்ஸிக்ளாஸ்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா காலமானபின் அம்மாவின் ஊரான அரியலூருக்கு வந்து, இங்கிலீஷ் கற்று, தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீஸில் இதே பொருளைப் 'பெர்ஸ்பெக்ஸ்' என்றார்கள். இப்போது கடையில் 'அக்ரிலிக் ஷீட்' என்று கேட்டால்தான் தருகிறார்கள். பொருள் ஒன்று, பெயர் மூன்று.

அந்தப் பெயர்களிலேயே இதன் சரித்திரம் இருக்கிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓட்டோ ரோம் என்பவரின் கம்பெனி 1933-இல் இதைத் தகடாக வார்த்து ப்ளெக்ஸிக்ளாஸ் என்று பெயர் வைத்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனி வேதியியலாளர்களும் இதைச் செய்து பெர்ஸ்பெக்ஸ் என்றார்கள். கண்ணாடியின் எடையில் பாதிதான். ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கை உள்ளே விடும். கண்ணாடிபோல் சில்லுச் சில்லாகச் சிதறாது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது இரு தரப்பும் போர் விமானங்களில் விமானி உட்காரும் இடத்துக்கு இதைத்தான் மூடியாகப் போட்டன.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டது. மூடி உடைந்து அதன் துணுக்குகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணைப் பார்த்துவந்தவர்களில் ஒருவர் ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் மருத்துவர். கண்ணுக்குள் அந்நியப் பொருள் எது போனாலும் கண் சிவந்து, சீழ் பிடித்துக் கெடும் என்பது அக்கால நம்பிக்கை. இந்தத் துணுக்குகளோ சும்மா கிடந்தன. கண் அவற்றை எதிர்க்கவே இல்லை.

போர் முடிந்த பின் ஒரு நாள் ரிட்லி கண்புரை அறுவை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். அந்தக் கேள்வியும் விமானியின் கண்ணும் ரிட்லியின் மனதில் ஒன்றுசேர்ந்தன. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், பெர்ஸ்பெக்ஸில் செய்த லென்ஸை ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் வைத்தார். முதலில் ரகசியமாகவே செய்தார். வெளியே தெரிந்ததும் பெரிய மருத்துவர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

அவர்கள் எதிர்ப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. பொருள் சரிதான், அதைப் பொருத்தி நிறுத்தும் வழிதான் தெரியவில்லை. ரிட்லியின் லென்ஸ் கனமான வட்டத் தட்டு. பிடித்துக்கொள்ளக் கைகால் கிடையாது. சிலருடைய கண்ணில் அது நழுவி உள்ளே விழுந்தது. அடுத்து வந்தவர்கள் கருவிழித் திரையில் மாட்டிப் பார்த்தார்கள், வேறு இடங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறை. 1977-இல் அமெரிக்காவின் ஸ்டீவன் ஷியரிங் என்ற மருத்துவர் லென்ஸின் இரு பக்கமும் ஸ்பிரிங் மாதிரி வளையும் மெல்லிய இரண்டு கால்களை வைத்தார். அந்தக் கால்கள் இறுக்கிப் பிடிப்பதில்லை. கண்ணின் சுவரை இலேசாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதன்பின்தான் வழி திறந்தது. இப்படி ஒரு சின்னத் தகட்டைச் சரியாக நிறுத்தக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு ஏறக்குறைய முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

அந்த முப்பது வருடத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. எழுபதுகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் அம்மாவுக்குப் புரை எடுத்தார்கள். புரையோடு லென்ஸும் போயிற்று. பதிலுக்கு வைக்க ஒன்றும் கிடையாது. சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அதில் எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். கண்ணாடி நழுவாமல் இருக்க இரண்டு காதுக்கும் பின்னால் நூல் கட்டி முடிந்து வைத்திருந்தார். ஒரு ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அது உடைந்தது. புதுக் கண்ணாடி வரும் வரை சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார். அந்தக் கை சுவரில் போன தடம் வெள்ளையடிக்கும் வரை இருந்தது.

வெளிநாட்டு லென்ஸ் வந்த பிறகும் அது ஏழைக்கு எட்டவில்லை. ஒன்று நூறு டாலரை ஒட்டிய விலை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், தம் 58-ஆம் வயதில், 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு அறுவை செய்தவர் அவர். 1992-இல் அவருடைய அமைப்பு 'ஆரோலேப்' என்ற ஆலையை வைத்து லென்ஸை மதுரையிலேயே செய்யத் தொடங்கியது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. நம் ஊர்க் கிழவிகள் சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாமல் நடமாடுவது அதற்குப் பிறகுதான். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பெயர் அது.

பேரன் கதைக்கு வருகிறேன். மறுநாள் அவனுக்குத் தெரியாமல், விரிசல் விட்ட தகட்டை எடுத்துக்கொண்டு விளம்பரப் பலகை செய்யும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஐயா, ஸ்குரு கனத்துக்கே துளை போட்டிருக்கீங்க. இது வெயில்ல நீளும், ராத்திரி சுருங்கும். நகர இடம் கொடுக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 25 டிகிரியிலிருந்து பெரம்பலூர் வெயில் 40 டிகிரிக்கு ஏறினால் இரண்டடித் தகடு அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அடியில் இருக்கும் பிளைவுட் அவ்வளவு நீளாது. இரண்டையும் ஆணியடித்தாற்போல் பிணைத்தால் உடையத்தான் செய்யும்.

புதுத் தகடு நான் வாங்கிக் கொடுத்தேன். அன்று இருவரும் கற்றுக்கொண்டதை, செய்ய நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். மேலே ஒட்டியுள்ள காப்புத் தாளை உரிக்காமலே துளை போட வேண்டும். அடியில் ஒரு வீண் பலகையை வைத்து, டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும், அழுத்தக் கூடாது. துளை, போல்ட்டைவிட ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். ஆப்புபோல் கூம்பிய தலையுள்ள ஸ்குரு வேண்டாம். அது தகட்டைப் பிளக்கும். தட்டையான அடியுள்ள தலை, அதன்கீழ் ரப்பர் வாஷர் போதும். விரலால் முடுக்கி, பிறகு கால் சுற்று, அவ்வளவுதான். பொத்தான்களின் அடிநட்டுகளே தகட்டை நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. மூலை போல்ட்டுகளுக்கு வேலை குறைவு. துடைக்க சோப்புத் தண்ணீர். தின்னர், ஸ்பிரிட் பட்டால் நுண்விரிசல் விழும்.

இந்த முறை முடுக்கியது பேரன். நான் டார்ச் பிடித்தேன். கடைசிக் கால் சுற்றில் என்னை நிமிர்ந்து பார்த்தான். "போதும்டா" என்றேன். அந்தச் சுருள் சங்குகள் தகட்டின் கீழ் பளிச்சென்று இருந்தன. வலது கண்ணால் பார்த்தபோதுதான் பளிச். இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் மங்கலான மஞ்சள்.

வலது கண்ணில் மூன்று வருடத்துக்கு முன் லென்ஸ் வைத்தாயிற்று. மடித்து உள்ளே வைக்கிற புது வகை. அதுவும் இந்த அக்ரிலிக் குடும்பம்தான். இடது கண்ணுக்கு டாக்டர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்தான் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். ஒரு கண் இருக்கிறதே, நல்லபடியாக நடந்ததை ஏன் இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பது என்று மனதில் ஒரு பயம். அம்மாவின் கை சுவரில் போன தடம் என் மனதை விட்டுப் போகவில்லை.

மகள் வீட்டிலிருந்து கிளம்பும் நாள் பேரனோடு ஒரு ஆட்டம் ஆடினேன். இடப் பக்கத்திலிருந்து வந்தவனை நான் பார்க்கவே இல்லை, தோற்றேன். "தாத்தா, உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியலையா?" என்று கேட்டான். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அரியலூர் திரும்பியதும் போன் போட்டுத் தேதி வாங்கிவிட்டேன். ஆவணி பிறந்ததும் அறுவை. கூட வருவது பேரன்.