குமரிமுனையில் குடியிருப்பு – ஒரு வரலாற்றுப் பார்வை

ஜூபிலி மலரில் வரலாறு என்றால் கோவில் எழுந்த கதையும் பங்குத்தந்தையர் வரிசையும் இடம்பெறுவதே வழக்கம். அவற்றை உரியவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியுள்ளனர். நாம் இங்கே எழுதப் புகுவது கோவிலைச் சுற்றியுள்ள மண்ணின் வரலாறு. இம்மண்ணில் குடியிருந்தவர் யார், வந்து சென்றவர் யார், வந்து சென்றவர்களுக்காகக் குடியிருந்தவர்கள் எவ்வாறு இடம்பெயர நேர்ந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பது இவ்விழா வேளையில் பொருத்தமற்றதாகாது என நம்புகிறோம்.

குமரிமுனைக்கு வெளியூரார் வருவது நேற்று இன்று தொடங்கியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல் இவ்வூரைக் குறிப்பிடுகிறது. துறவு வாழ்வை மேற்கொள்ள விரும்பிய ஆண்களும் பெண்களும் இங்கு வந்து கடலாடினர் என்றும், முன்னொரு காலத்தில் ஒரு தேவி இங்கே தங்கி நீராடியதாக மக்கள் கூறினர் என்றும் அந்நூல் சொல்கிறது. இங்கே ஒரு துறைமுகம் இருந்ததையும் அது மறவாமல் குறிக்கிறது. ஆகவே நீராட வந்தவர்களும் படகு வலித்தவர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே கரையைப் பகிர்ந்து வந்திருக்கின்றனர். இரு சாராருக்கும் கரையில் இடம் இருந்தது.

நம் முன்னோர் மறைதழுவியது 1536ஆம் ஆண்டை ஒட்டி. முத்துக்குளித்துறைப் பரவர் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்ற அக்காலத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1542இல், புனித சவேரியார் இக்கரையை அடைந்தார். அவர் வரலாற்றில் நம் ஊருக்கு உரிய பகுதி ஒன்றுண்டு. அதை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 1544ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடுகப் படையினர் இக்கரையைச் சூறையாடினர். குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் ஓடி ஒளிய வேறிடமின்றிக் கடலில் உள்ள பாறைகளில் ஏறிக்கொண்டனர். அங்கே உண்ண உணவில்லை, குடிக்க நீரில்லை. மணப்பாட்டில் இருந்த சவேரியார் செய்தி கேட்டு, இருபது தோணிகளில் உதவி கொண்டு செல்லப் புறப்பட்டதைத் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில் தெரிவிக்கிறார். காற்று எதிர்த்து வீசியதால் தோணிகள் முனையை அடைய முடியவில்லை. பின்னர் அவர் கரைவழியே நடந்து வந்து அம்மக்களைக் கண்டார்.

இன்று படகுக் கட்டணம் கொடுத்துப் பயணிகள் ஏறும் பாறைகளைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்த ஜூன் மாதம் நினைவுக்கு வருகிறது. எந்தப் பாறை, எத்தனை பேர் என்பதை மடல் சொல்லவில்லை. ஆயினும் கரை பறிபோனபோது நம் மக்களுக்குப் புகலிடம் தந்தவை இக்கடலின் கற்களே.

அதன்பின் நெடுங்காலம் இவ்வூர் திருவிதாங்கூர் அரசின் தென்கோடியாக இருந்தது. 1930இல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து கோட்டாறு மறைமாவட்டம் பிரிந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. இவ்வரலாறு பலரும் எழுதியது. எனவே கடந்து செல்வோம். நம் கட்டுரைக்கு வேண்டியது, அன்றைய கரை எப்படி இருந்தது என்பதே. பகவதியம்மன் கோவிலுக்கு வருவோர் சத்திரங்களில் தங்கினர், கடலாடினர், புறப்பட்டனர். கரையில் நம்மவர் குடிசைகள் இருந்தன. மனை என்பது விலை பேசும் பொருளாக இருக்கவில்லை. ஒரு குடிசைக்கு எல்லை, அடுத்த குடிசையின் இறவாரம். மகனுக்குத் திருமணம் ஆனால் பக்கத்தில் நான்கு கால் நட்டு ஓலை வேய்வார்கள். பட்டா என்ற சொல்லைப் பலர் கேட்டதே இல்லை. கட்டுமரம் ஏற்ற, வலை உலர்த்த, கரமடி இழுக்க, மீன் காயவைக்க எல்லாருக்கும் பொதுவான மணல் கிடந்தது. யாருக்கும் சொந்தமில்லாத அந்த மணல்தான் பின்னாளில் நமக்கு எதிராகத் திரும்பியது. யாருக்கும் சொந்தமில்லை என்றால் புறம்போக்கு. புறம்போக்கு என்றால் நம்முடையதன்று என்றாயிற்று.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1925லும் 1937லும் காந்தியடிகள் இங்கு வந்திருந்தார். 1948 பிப்ரவரி 12இல் அவருடைய அஸ்தி இக்கடலில் கரைக்கப்பட்டது. அவ்விடத்தில் 1956இல் காந்தி மண்டபம் எழுந்தது. 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் தவமிருந்த பாறையில் நினைவு மண்டபம் கட்டப்பட்டு, 1970 செப்டம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அவர்களால் திறக்கப்பட்டது. அப்பாறையைக் குறித்து 1962, 63 ஆண்டுகளில் எழுந்த மனத்தாங்கலை இங்கே விரிக்க விரும்பவில்லை. அதை நேரில் கண்டவர்கள் பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது. நாட்டின் வடகோடியிலிருந்து ஒரே வண்டியில் தென்கோடிக்கு வந்து இறங்கலாம் என்ற நிலை பின்னர் உண்டானது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் கணபதி ஸ்தபதியார் வடித்த 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. 2024 டிசம்பர் 30இல் இரு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது.

இவை யாவும் ஊருக்குப் பெருமையே. அதை மறுப்பார் இல்லை. வள்ளுவர் சிலையை முதன்முதலில் கடலில் இருந்து பார்த்தபோது நாமும் மெய்சிலிர்த்தவர்களே. ஆனால் ஒவ்வொரு திறப்பு விழாவுக்குப் பின்னும் ஊரில் ஒரு சென்ட் மனையின் விலை ஒரு படி ஏறியது. இதை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கவில்லை.

விலை ஏறிய விதத்தைச் சற்று விளக்க வேண்டும். முதலில் பெருஞ்சாலை ஓரத்து மனைகள் விலைபோயின. அவை பெரும்பாலும் நம்மவருடையவை அல்ல. அடுத்துச் சூரிய உதயம் தெரியும் மனைகள். பிறகு, மூன்றாவது மாடியில் நின்றாலாவது கடல் தெரியும் மனைகள். நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துச் சலித்த கடலுக்கு ஒரு விலை உண்டென்பதை அப்போதுதான் அறிந்தோம். ‘கடல் தெரியும் அறை’ என்று பலகை எழுதினால் வாடகை கூடும். அதைக் கட்ட ஒரு வீடு விலகியாக வேண்டும்.

வாங்கியவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. விற்றவர்கள் நாமே. மகளின் சீதனத்துக்காக விற்றவர் உண்டு. இயந்திரக் கடன் அடைக்க விற்றவர் உண்டு. மருத்துவச் செலவுக்கு ஒற்றி வைத்து மீட்க முடியாமல் போனவர் உண்டு. அன்று கைக்கு வந்த தொகை பெரிதாகத் தெரிந்தது. ஐந்தாண்டு கழித்து அதே தெருவில் பாதி மனை வாங்கவும் அது போதவில்லை. நம்மவரிலேயே சிலர் வீட்டின் மேல் அறைகள் எழுப்பி வாடகைக்கு விட்டு நன்றாக வாழ்கின்றனர். அவர்கள் உழைப்பை வாழ்த்துகிறோம். அவ்வறைகளைக் கூட்டிப் பெருக்கி, விரிப்பு மாற்றும் வேலைக்குப் போவதும் நம் தெருப் பெண்களே.

சீசன் என்று ஊரார் சொல்வது கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் காலத்தையும், ஏப்ரல் மே பள்ளி விடுமுறையையும் சேர்த்துத்தான். இவ்விரண்டிலும் அரிசி, காய்கறி, பால், ஆட்டோ எல்லாம் ஏறும். இறங்கும்போது ஏறிய அளவுக்கு இறங்காது. இதில் ஒரு வேடிக்கை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சின்னமுட்டம் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும் அதே நாட்களில்தான் ஊர் பயணிகளால் நிரம்பி வழிகிறது. கடைத்தெருவில் விலை உச்சத்தில் நிற்கும்போது நம் வீட்டில் வருமானம் அடிமட்டத்தில் நிற்கிறது. மீன் வரத்து இருக்கும் மாதங்களிலும் நெய்மீனும் கணவாயும் ஏலத்திலிருந்து நேரே வண்டியேறிவிடும். பிடித்தவன் வீட்டுக் குழம்பில் சாளையோ நெத்தலியோதான். இப்போது சாளைக்கும் போட்டி.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தெருக் கிணறுகள் சில உவர்த்துவிட்டன. விடுதிகள் ஆழ்துளை போட்டு நீர் எடுக்க எடுக்க, கடல்நீர் உள்ளே வருகிறது. குடத்தோடு வரிசையில் நிற்கும் தாய்மாரைப் பயணிகள் படம் பிடித்துச் செல்வதையும் கண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1981இலேயே பிரதமர் இந்திரா காந்தி அம்மையார், கடல் விளிம்பிலிருந்து 500 மீட்டர் தூரத்துக்குக் கட்டடங்கள் கூடாது என்று கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2019இல் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் முன்பு 200 மீட்டராக இருந்த கட்டுமானமற்ற பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. இச்சட்டங்களில் மீனவர் குடியிருப்புக்குச் சலுகை உண்டு. ஆனால் சலுகை பெறத் தாள் வேண்டும், வரைபடம் வேண்டும், நடக்க ஆள் வேண்டும். ஓலைக்கூரையைக் கான்கிரீட் ஆக்க அனுமதி கேட்டவன் அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது, பக்கத்தில் நான்கு மாடி எழுந்ததை நாம் கண்டோம். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் மணக்குடியிலும் நிகழ்ந்த பேரிழப்பை இம்மாவட்டத்தார் எவரும் மறக்கவியலாது. மணக்குடிப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. நம் ஊரில் விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். அவர்களைக் கரைசேர்க்கக் கலங்கிய கடலில் இறங்கியவர்களுள் மீனவர்களும் இருந்தனர். 1544இல் சவேரியாரின் தோணிகள் சேர முடியாத இடத்துக்கு 2004இல் நம் படகுகள் சென்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் அரசு வீடுகட்டும் ஆணை பிறப்பித்தது. கடலுக்கு அண்மையில் இருப்போர் உள்ளே சென்றால் புது வீடு. பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். போக விரும்பாதோர் இருக்கலாம், ஆனால் வீட்டு உதவி இல்லை. உயிர்ப் பாதுகாப்புக்காக என்றே சொல்லப்பட்டது, அது பொய்யன்று. ஆயினும் பெரியவர் ஒருவர் அன்று கேட்ட கேள்வி இன்னும் காதில் ஒலிக்கிறது: “அலை நமக்கு மட்டுந்தானா வரும்? லாட்ஜுக்கு வராதா?” இவ்வச்சத்தால்தான் 2018ஆம் ஆண்டை ஒட்டிக் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடையே சரக்குப் பெட்டகத் துறைமுகம் வரும் என்ற செய்தி கேட்டதும் கரையூர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். மறுபடியும் இடம்பெயரச் சொல்வார்கள் என்பதை அனுபவம் கற்றுத் தந்திருந்தது.

இனி நம் பங்கின் நிலை. புதிதாக மணமுடிப்போர் பலர் இன்று ஊருக்குள் வாடகை கொடுக்க இயலாமல் அஞ்சுகிராமம் பக்கமோ நாகர்கோவிலிலோ குடியேறுகின்றனர். அதிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகவேண்டியவன் இருசக்கர வண்டியில் கரைக்கு வருகிறான். பேருந்தில் வந்து மீன் எடுக்கும் பெண்களை நடத்துநர் கூடையோடு ஏற்றத் தயங்குகிறார். அன்பியக் கூட்டத்துக்கு ஆள் குறைகிறது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் குறைகின்றனர். பங்கேட்டில் பெயர் இருக்கிறது. தெருவில் வீடு இல்லை.

பங்குப் பேரவையிலும் இது விவாதத்துக்கு வந்தது. கோவிலுக்குரிய காலி மனையில் கடைகளும் அறைகளும் கட்டி வாடகைக்கு விட்டால் ஜூபிலி கட்டடக் கடன் தீரும் என்றனர் ஒரு சாரார். அங்கே வீடற்ற இளங்குடும்பங்களுக்குச் சிறு வாடகையில் அடுக்கு வீடுகள் வேண்டும் என்றனர் மறுசாரார். வலை பழுதுபார்க்க இருக்கும் கடைசி வெற்றிடம் அது, ஒன்றும் கட்டாதீர்கள் என்றனர் முதியோர். மூன்று கருத்திலும் நியாயம் உண்டு. எனினும் நம் எண்ணத்தைக் கேட்டால், கடற்கரைப் பங்குகளில் கோவில் சொத்தென்பது பிடிபட்ட மீனில் கோவிலுக்கென ஒதுக்கிய பங்கால் சேர்ந்தது. அதைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் தலைசாய்க்க முதல் உரிமை உடையவர்கள் என்போம். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை.

கடலில் இருந்து திரும்பும் இளைஞர் ஒருவர் அண்மையில் சொன்னார்: முன்பெல்லாம் இரவில் கரைக்கு வரக் கோபுரச் சிலுவை விளக்கு ஒன்றே அடையாளம், இப்போது விடுதி விளக்குகளுக்கு நடுவே அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நல்லவேளையாக அவர் கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது.

நம் மாதாவின் திருவிழா டிசம்பரில் வருவதால் ஐயப்ப சீசனோடு சேர்ந்துகொள்கிறது. வெளியூரில் குடியேறிய நம் குடும்பங்கள் தேருக்கு வரும்போது தங்க அறை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வாடகை கட்டுபடியாவதில்லை. ஆகவே இவ்வாண்டு பங்குத்தந்தை அவர்களின் இசைவோடு பள்ளிக்கூட வகுப்பறைகள் நான்கு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. பாயும் போர்வையும் கொண்டு வரவேண்டும். குடிநீருக்கு இளைஞர் இயக்கத்தார் ஏற்பாடு செய்துள்ளனர். பெயர்களை மெய்க்காவலரிடம் முன்னரே பதிவு செய்துகொள்ளலாம்.