பெயரும் பிழைப்பும்: படையிலிருந்து திரும்பியோரைப் போற்றும் முறை

நம் கழகத்தின் வெள்ளி விழாவை ஒட்டி, நம் வட்டாரத்துச் சிறு வணிகர் சிலர் ஒரு விருப்பத்தை வெளியிட்டுள்ளனர். தையற்கடை, மிதிவண்டிக் கடை, அச்சகம், தேநீர்க் கடை முதலியவற்றை நடத்தி வருபவர்கள் அவர்கள். நம் மக்களிடையே படையில் பணியாற்றித் திரும்பியோர்க்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும், அதனை எவ்வாறு நடத்துவது என்று கழகம் கூற வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். பொன்னாடை, மாலை, ஒலிபெருக்கி, நிழற்படம் ஆகியவற்றோடு ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடக் கூடியதே இது. எனினும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் படைக்கலத்திற்கும் உள்ள தொடர்பு நெடியது; அத்தொடர்பில் போற்றுதலும் கைவிடுதலும் மாறி மாறி நிகழ்ந்துள்ளன. ஆகவே விழாவின் திட்டத்தை வகுக்குமுன் அவ்வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம் எனக் கருதுகிறோம்.

தமிழ்நாட்டில் வீரனைப் போற்றும் பழைய முறை நடுகல். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. மன்னனின் ஆட்சியாண்டு, வீரன் இன்னாரின் சேவகன் என்பது, அவன் பெயர், அவன் ஆநிரை மீட்டோ ஊரைக் காத்தோ மாண்ட செய்தி ஆகியவை அக்கற்களில் உள. எடுத்தனூர் நடுகல்லில், தன் தலைவன் வீழ்ந்தபின் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் வெட்டப்பட்டுள்ளது. 7-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு நாய்க்குக் கிடைத்த இச்சிறப்பை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம். கல்லை நட்டதோடு அக்கால மக்கள் நின்றுவிடவில்லை என்பதும் அறியத்தக்கது. மாண்டவனின் குடும்பத்தார்க்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விடப்பட்டது. கல்லில் பெயர் நின்றது. வீட்டில் உலை கொதித்தது.

இனி மராட்டிய நாட்டிற்குச் செல்வோம். ஒடுக்கப்பட்டோரின் படைவரலாற்றில் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சி, 1818 ஜனவரி 1 அன்று பீமா ஆற்றங்கரைக் கோரேகானில் நடந்த போர். பம்பாய்க் காலாட்படையின் ஏறத்தாழ 500 வீரர்களும் ஒரு குதிரைப்படைப் பிரிவும் காப்டன் ஸ்டான்டன் தலைமையில் பேஷ்வாவின் பெரும்படையை நாள் முழுதும் எதிர்த்து நின்றனர். அக்காலாட்படையில் மகார்கள் மிகுதி. உடனிருந்த இரு பீரங்கிகளை இயக்கியோர் சென்னைப் பீரங்கிப் படையினர். கும்பினிப் பக்கம் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற் போனோரும் 275 பேர். இரவில் பேஷ்வாவின் படை விலகிச் சென்றது. கும்பினியார் 1821-இல் அங்கு ஒரு நினைவுத் தூணுக்கு அடிக்கல் நாட்டினர். அதில் மாண்டோர் 49 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள. அவற்றுள் ‘நாக்’ என முடியும் 22 பெயர்கள் மகார்களுடையவை. பேஷ்வா ஆட்சியில் தெருவில் நடக்கவும் கட்டுப்பாட்டிற்கு உள்ளாகியிருந்த ஒரு குலத்தாரின் பெயர்கள், அதே மண்ணில் கல்லெழுத்தாகி நின்றன.

அத்தூணைக் கும்பினியார் நிறுவியது தம் வெற்றியைப் பறைசாற்றவே என்பதை நாம் மறக்கலாகாது. அடுத்து நிகழ்ந்தது அதனைத் தெளிவாகக் காட்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சில குலத்தாரே போர்க்குலத்தார், ஏனையோர் படைக்கு ஏலாதவர் என்னும் கொள்கை ஆங்கிலப் படைத்தலைவரிடையே வலுப்பெற்றது. ராபர்ட்ஸ் பிரபு போன்றோர் அதனைப் பெரிதும் ஆதரித்தனர். 1892-93 அளவில் மகார்களைப் படையிற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கோரேகான் தூண் மட்டும் அசையாமல் நின்றது. அதிற் பெயர் பெற்றோரின் பேரப்பிள்ளைகளுக்குப் பாசறைக் கதவு அடைக்கப்பட்டது. படையிலிருந்து ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர் 1894-இல் இதனை எதிர்த்து ஒரு விண்ணப்பம் வரைந்தார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910-இல் இந்திய மந்திரிக்கு மீண்டும் விண்ணப்பித்தார். அவர்கள் கேட்டது விழாவோ பதக்கமோ அன்று, வேலை.

கல்விக் கழகத்தாராகிய நமக்கு இதனினும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. கும்பினிப் படையில் இந்தியச் சிப்பாய்களுக்கும், ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி அவர்தம் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி இருந்தது என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியுள்ளார். அண்ணலின் பாட்டனார் மாலோஜி படையில் இருந்தவர். தந்தையார் ராம்ஜி சுபேதார் பதவி எய்தியதோடு படைப் பள்ளியின் தலைமை ஆசிரியராகவும் பல்லாண்டு பணியாற்றியவர். அண்ணல் 1891-இல் பிறந்தது மாவ் படைப் பாசறையில். ஊர்ப் பள்ளிகள் சேர்க்காத பிள்ளைகளுக்கு எழுத்தறிவு பாசறை வழியே கிட்டிற்று. ஆயினும் அதே சுபேதாரின் மகன், தந்தை ஓய்வு பெற்றபின் சதாராவில் பள்ளி சென்றபோது, தனியே ஒரு கோணித் துண்டில் அமர்த்தப்பட்டார். தந்தையின் தோளில் இருந்த பதவிச் சின்னம் மகனின் கோணியை அகற்றவில்லை.

1917-இல் முதல் உலகப்போரின் நெருக்கடியில் 111-ஆம் மகார் படை திரட்டப்பட்டு, 1921-இல் கலைக்கப்பட்டது. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் கோரேகான் தூணுக்குச் சென்றார். அவ்வாண்டு மார்ச்சில் மகாட் குளத்தில் நீர் மொண்ட அறப்போருக்குக் கொங்கணத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற மகார் வீரர்கள் தோள் கொடுத்தனர். 1941-இல் மகார் ரெஜிமெண்டு பெல்காமில் மீண்டும் எழுந்தது. அது இன்றளவும் உள்ளது. 1943-இல் எழுந்து பர்மாப் போர்முனையில் நின்ற சமார் ரெஜிமெண்டோ 1946-இல் கலைக்கப்பட்டது. போர் வரும்போது அழைப்பதும் போர் ஓய்ந்ததும் அனுப்பிவிடுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளதை வாசகர்கள் காணலாம். 2018-இல் 200-ஆம் ஆண்டு நினைவுக்காகக் கோரேகான் சென்ற மக்கள் தாக்கப்பட்டனர். முன்னோர் பெயரைப் போற்றச் செல்வதற்கே அத்துணை விலை கொடுக்க நேர்ந்தது.

நம் தமிழகத்தின் நிலை என்ன? 1780-இல் சென்னையில் பயனீர் என்னும் பணிப்படைப் பிரிவுகள் தோற்றுவிக்கப்பட்டன. அவற்றிலிருந்து வளர்ந்ததே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர் படை. பறையர் குலத்தார் பெருந்தொகையினராய் அதிற் பணிபுரிந்தனர். பாலம் அமைத்தல், பாதை வெட்டுதல், அகழி தோண்டுதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை அவர்தம் கடமை. சேனை கடந்து செல்லும் வழியைச் சேனைக்கு முன்னே சென்று செப்பனிடுவோர் அவர்கள். ‘தம்பி’ என்றே அப்படையினரைப் பிற படையினர் அழைப்பர். முள்வேலியைத் தகர்க்க உலகெங்கும் படைகள் கையாளும் பெங்களூர் டார்பிடோ என்னும் குழாய்வெடி, அப்படையின் அதிகாரி ஒருவரால் 1912-இல் உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் 1944-இல் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்த சுபேதார் சுப்பிரமணியம் இப்படையினரே. அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. அவரது பெயர் நமக்குத் தெரிகிறது. மண்வெட்டியோடு சென்று திரும்பாத ஏனையோரின் பெயர்களை அவர் பிறந்த தெருவாரும் இன்று சொல்ல இயலுமா என்பது ஐயமே.

பெயர் இழப்பு தற்செயலாய் நேர்ந்ததன்று. முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் மாண்டோர்க்காகப் பஸ்ராவில் எழுப்பிய நினைவகத்தில் வெள்ளை வீரர் ஒவ்வொருவரின் பெயரும் வெட்டப்பட்டது. இந்தியரில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே அவ்வாறு வெட்டப்பட்டன. ஏனைய இந்திய வீரர் ஏறத்தாழ 33,000 பேர், இன்ன பிரிவில் இத்தனை பேர் என எண்ணாக்கப்பட்டனர். கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையமே 2021-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இவ்வேற்றுமையை ஒப்புக்கொண்டு வருந்தியது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாய் 1,16,000 பேருக்குக் குறையாதோர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரால் நினைக்கப்படாமலோ முற்றிலும் நினைக்கப்படாமலோ போயினர் என்பது அவ்வறிக்கையின் முடிவு. சுமைதூக்கிகளும் கூலிப்படையினரும் அவருள் மிகுதி. நம் நாட்டு ஊர்கள் பலவற்றில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் ஈந்தனர் என்ற கல்வெட்டை இன்றும் காணலாம். அவற்றிலும் எண்ணே உண்டு, பெயர் இல்லை. எடுத்தனூர் நாயை இவ்விடத்தில் நினைவுகூர்க.

இனி விழாத் திட்டத்திற்கு வருவோம். விழாவின் முதல் வேலை மேடையன்று, பட்டியல். படைவீரர் என்றதும் துப்பாக்கி ஏந்தியோரையே நம் மனம் நாடும். சமையல் செய்தோர், துணி வெளுத்தோர், துப்புரவு செய்தோர், கோவேறு கழுதை ஓட்டியோர் ஆகியோரும் சீருடையோடு அதே பனியிலும் வெயிலிலும் இருந்தவர்களே. நம் மக்களுள் பலருக்குப் படை அளித்த இடமே அதுதான். அவர்களை விட்டுவிட்டுப் பட்டியல் எழுதுவோமாயின் பஸ்ராவில் செய்ததையே நாமும் செய்தவராவோம். கணவரை இழந்த மகளிரையும் அழைக்க வேண்டும். அவர்களை மகனுக்குத் துணையாக வந்தவராய் ஓரத்தில் அமர்த்தாமல், அவர்தம் பெயர் சொல்லி முன்வரிசையில் அமர்த்த வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்தோரைக் கண்டறிவது எளிது. பதியாதோரை வீடு வீடாகச் சென்றே அறிய இயலும். அப்பணிக்கு நம் பள்ளி மாணவரை அனுப்பலாம். சிலரிடம் ஓய்வூதியம் தொடர்பான தாள்கள் குறைபட்டிருக்கும். அதனையும் மாணவர் குறித்து வருவாராயின் விழாவுக்கு முன்பே ஒரு நன்மை விளையும்.

நாள் குறித்தும் ஒரு சொல். முன்னாள் படைவீரர் நாளாக அரசு கொண்டாடும் ஜனவரி 14, இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள். நமக்கோ அது பொங்கல் வேளை. துணிக்கடைக்காரர்க்கும் மளிகைக்கடைக்காரர்க்கும் மூச்சுவிட நேரம் இராது. 1949 முதல் கொடிநாளாக அமைந்த டிசம்பர் 7 நமக்கு ஏற்றது. அன்று உண்டியலில் சேரும் பொருள் நேரே முன்னாள் வீரர் நலநிதிக்குச் செல்வதால், வரவு செலவுப் பேச்சுக்கும் இடமிராது.

வணிகர்கள் தம் கடைப் பெயரை விளம்பரப் பதாகையில் இடுவதைக் குறை கூறோம், செலவு அவர்களுடையது. ஆனால் வீரர் பெயரினும் கடைப் பெயர் பெரிதாக இருத்தலாகாது. வரவேற்பில் வேட்டு வெடிப்பதை அறவே தவிர்க்க வேண்டுகிறோம். குண்டோசை கேட்டுப் பழகிய செவிகளுக்கு அது வரவேற்பாய்த் தோன்றாது. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மேடையில் வினவும் வழக்கமும் வேண்டா. பேச விரும்புவோர் பேசட்டும். பேசாது அமர்ந்திருக்க விரும்புவோரை அவ்வாறே இருக்க விடுக. சிற்றுண்டியை முன்னாள் வீரர் ஒருவரின் தேநீர்க் கடையிலிருந்தே வாங்கினால், பாராட்டின் ஒரு பகுதி அன்றே அவர் கல்லாவிற்குச் சேரும்.

இவை யாவும் ஒரு நாட்செயல். எஞ்சிய நாட்களைப் பற்றி வணிகரிடம் நாம் வேண்டுவது ஒன்று உண்டு. சிப்பாய் ஒருவர் 15 ஆண்டுப் பணியோடு ஓய்வூதியத் தகுதி பெறுகிறார். பெரும்பாலோர் நாற்பது வயதுக்கு முன்பின்னாகவே ஊர் திரும்புகின்றனர். வீட்டில் பிள்ளைகள் பள்ளி வயதில் இருப்பர். 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்திலோ நான்காண்டுகளுக்குப்பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிலைபெறுவர். ஏனையோர் ஒரு தொகையோடு, ஓய்வூதியமின்றி, இருபது வயதுகளிலேயே திரும்ப வேண்டும். இவர்களுக்கு நம் ஊர்கள் அளிக்கும் வேலை பெரும்பாலும் வாயிற்காவல் ஒன்றே. ஊர்தி பழுது பார்க்கவும், கம்பி இழைக்கவும், மின்னிணைப்புத் தரவும், கணக்கு எழுதவும், நோயாளியைப் பேணவும் பயின்றவர்கள் அவருள் உள்ளனர். விழா நடத்தும் கடைக்காரர் ஒவ்வொருவரும் ஓராண்டிற்குள் ஒருவர்க்கு அவர் கற்ற தொழிலுக்கேற்ற வேலையோ, புதுக்கடை தொடங்குவார்க்குக் கடனாகச் சரக்கோ அளிப்பதாக எழுதித் தருவரேல், மேடையில் வாசிக்கத்தக்க வாழ்த்துரை அதனினும் வேறொன்றில்லை. வலங்கர் 1894-இல் விண்ணப்பித்தது இதற்காகவே.

விழாவுக்கு முன்னோடியாக, கழக அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்படுகிறது. நம் மக்களுள் படையில் இருந்தோர், இருப்போர், மாண்டோர் ஆகியோரின் பெயர், ஊர், தாய் தந்தையர் பெயர், படைப் பிரிவு, செய்த பணி, அறிந்த தொழில் ஆகியவற்றை உறவினர் அதில் எழுதலாம். எழுத இயலாதோர் சொன்னால் மாணவர் எழுதித் தருவர். படைப்பிரிவின் பெயர் தெரியாவிடினும் ஆள் பெயர் மட்டுமேனும் எழுதப்படட்டும்.