பல்கலைக்கழக நூலகத்தில் செய்தித்தாள் தேடல்

பல்கலைக்கழக நூலகத்தில் செய்தித்தாள் தேடல் என்பது, முன்னொரு காலத்தில் அச்சாகி வெளிவந்த செய்தி இன்று மூலத்தாளாகவோ, நுண்படச் சுருளாகவோ, மின்தரவுத்தளத்தின் பதிவாகவோ எங்கே எஞ்சியிருக்கிறது என்று கண்டறிந்து, அவ்வடிவம் எவற்றைக் காட்டுகிறது, எவற்றை விட்டுவிட்டது என்பதையும் உணர்ந்து பயன்படுத்தும் ஆய்வுமுறையாகும். தரவுத்தளத்தின் தேடுகட்டத்தில் ஒரு சொல்லை இட்டு விடை வராவிட்டால் அச்செய்தி வெளிவரவே இல்லை என்று முடிவு கட்டுவது இத்துறையில் மிகுதியாக நேரும் பிழை. ஓர் இதழ் எவ்வாறு காக்கப்பட்டது, யாரால் படமெடுக்கப்பட்டது, எந்த உரிமையின்கீழ் இணையத்துக்கு வந்தது என்ற வரலாறு தெரிந்தவருக்கே தேடலின் விடையும் விடையின்மையும் பொருள் தரும்.

அந்த வரலாறு தாளிலிருந்து தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தித்தாள்கள் கந்தல் துணியில் செய்த தாளைக் கைவிட்டு விலை மலிந்த மரக்கூழ்த் தாளுக்கு மாறின. மரக்கூழில் தங்கிவிடும் லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். தாளிலுள்ள அமிலம் இழைகளை அறுக்க, காலப்போக்கில் பக்கங்கள் தொட்டால் நொறுங்கும் நிலையை அடையும். இதனால் 1820ஆம் ஆண்டின் இதழ் 1920ஆம் ஆண்டின் இதழைவிட நல்ல நிலையில் இருப்பதைப் பல காப்பகங்களில் காணலாம்.

இச்சிதைவுக்கும் இடநெருக்கடிக்கும் மாற்றாக வந்தது நுண்படம், அதாவது முழுப் பக்கத்தையும் சிறிதாக்கி 35 மி.மீ. படச்சுருளில் பதிந்து, படிப்பான் என்னும் கருவியில் பெரிதாக்கிக் காணும் முறை. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ரெக்கார்டாக் பிரிவு 1935இல் நியூயார்க் டைம்ஸ் இதழை இவ்வகையில் படமாக்கத் தொடங்கியபின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சுருள்களை வாங்கிச் சேர்த்தன. 1949இல் மத்திய மேற்குப் பகுதியின் பத்துப் பல்கலைக்கழகங்கள் கூடிச் சிகாகோவில் ஒரு பொதுக் களஞ்சியத்தை நிறுவின. ஆய்வு நூலக மையம் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்நிறுவனம் உலகின் பல மொழிச் செய்தித்தாள்களின் சுருள்களை உறுப்பு நூலகங்களுக்கு இரவல் அனுப்பி வருகிறது. ஆனால் படமெடுத்த பல நூலகங்கள் மூலத்தாள்களைக் கழித்துவிட்டன. அமெரிக்க எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியிட்ட 'டபுள் ஃபோல்டு' என்னும் நூலில் இதை வன்மையாகக் கண்டித்தார். பிரிட்டிஷ் நூலகம் விற்க முற்பட்ட அமெரிக்க இதழ்த் தொகுதிகளை 1999இல் அவரே வாங்கிக் காத்தார், அவை 2004இல் டியூக் பல்கலைக்கழகத்தை அடைந்தன. நூலகங்களின் இடச்செலவு உண்மையானதே எனினும் அவருடைய குற்றச்சாட்டின் சாரம் நியாயமானது. கறுப்பு வெள்ளைச் சுருளில் ஞாயிற்றுக்கிழமை மலர்களின் படங்கள் தம் வண்ணத்தை முற்றிலும் இழந்தன. மங்கலாகப் பதிந்த பக்கத்தை மீண்டும் எடுக்க மூலம் இல்லாமற்போனது.

தேடலின் முதற்படி நூலகப் பட்டியல். பட்டியல் இதழின் தலைப்பைத்தான் அறியும், அதனுள் வந்த கட்டுரையை அறியாது என்ற வேறுபாட்டைப் புதிய ஆய்வாளர் மனத்தில் இருத்த வேண்டும். ஓர் இதழ் பெயர் மாறினாலோ வேறொன்றுடன் இணைந்தாலோ ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பதிவு அமைவதால், முந்தைய பெயர், பிந்தைய பெயர் என்ற குறிப்புகளைப் பற்றிக்கொண்டு செல்ல வேண்டும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை உள்ளது, இடையில் எவை விடுபட்டன என்று கூறும் இருப்பு விவரமே இங்கு மிக முக்கியமான வரி. உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட்டில் தேடும் தமிழ் ஆய்வாளருக்கு மற்றொரு தடையும் உண்டு. அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறை தமிழின் ஒலியை விட்டு எழுத்தைப் பின்பற்றுவதால், சுதேசமித்திரன் இதழ் 'எஸ்' (S) எழுத்தில் தொடங்காமல் 'சி' (C) எழுத்திலும், தினமணி இதழ் 'டி' (D) எழுத்தில் தொடங்காமல், தமிழ்நாடு என்பதற்கு இடும் 'டி' (T) எழுத்திலும் பதிவாகியிருக்கும். இதை அறியாதவர் அந்நூலகத்தில் அவ்விதழ் இல்லை என்றே திரும்பிவிடுவார்.

மின்தரவுத்தளங்கள் இரு வகைப்படும். நெக்சிஸ், ஃபாக்டிவா போன்றவை செய்தியின் உரையை மட்டும் தருவன. இவற்றில் பெரும்பாலான இதழ்களின் உரை 1980களுக்கு முன் செல்வதில்லை. புரோகுவெஸ்ட் நிறுவனத்தின் வரலாற்றுச் செய்தித்தாள் தொகுப்பும், 1785 முதல் இலண்டன் டைம்ஸ் இதழைத் தரும் கேல் நிறுவனத்தின் தொகுப்பும் பக்கத்தின் படத்தையே காட்டுவன. உரை மட்டும் கிடைக்கும்போது செய்தி முதற்பக்கத்தின் உச்சியில் எட்டுப் பத்தித் தலைப்புடன் வந்ததா, உள்பக்க மூலையில் துணுக்காக வந்ததா என்பது தெரியாது. அருகில் இருந்த விளம்பரமும் படமும் கருத்துப்படமும் தெரியா. ஒரு நிகழ்ச்சிக்கு அக்காலம் கொடுத்த மதிப்பை அறிய விரும்புவோருக்கு இது சிறிய இழப்பன்று.

முழுமையான உரைத்தொகுப்பு என்று விற்கப்படுவதிலும் ஓட்டைகள் உண்டு. தங்கள் கட்டுரைகளைத் தனி அனுமதியின்றித் தரவுத்தளங்களில் சேர்த்தது பதிப்புரிமை மீறல் என்று வெளி எழுத்தாளர்கள் தொடர்ந்த வழக்கில், நியூயார்க் டைம்ஸ் எதிர் டாசினி என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001 ஜூனில் 7-2 என்ற பெரும்பான்மையில் எழுத்தாளர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகப் பதிப்பாளர்கள் திரளான கட்டுரைகளைத் தரவுத்தளங்களிலிருந்து நீக்கினர். அச்சிதழிலும் நுண்படத்திலும் உள்ள அவற்றை உரைத்தேடல் காட்டாது. நுண்படச் சுருள்களைப் பல நூலகங்கள் இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு இது வலுவான காரணம்.

பக்கப் படங்களில் சொல் தேட உதவுவது எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தின் வடிவத்தைக் கண்டு அதைக் கணினி எழுத்தாக்கும் மென்பொருள். மங்கிய மையும் வளைந்த பக்கமும் அதை ஏமாற்றும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவத்தை அது 'எஃப்' என்று படித்துவிடும். தமிழில் இத்தொல்லை வேறு விதமானது. தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற மேற்கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை சுழித்த தனி வடிவங்களுடனும் அச்சாயின. பெரியாரின் இதழ்களோ 1935 முதலே சீர்திருத்திய வடிவங்களை ஆண்டன. ஆகவே ஒரே காலத்துத் தமிழ் இதழ்களில் ஒரே சொல் இரு வடிவில் கிடக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் தளம் எழுத்துணரியின் பிழைகளைப் படிப்பவரே திருத்திச் சேமிக்க வழிசெய்திருப்பது பின்பற்றத்தக்க ஏற்பாடு.

தேடுசொல் அக்காலத்துச் சொல்லாக இருக்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் இதழில் முதல் உலகப் போர் என்ற தொடர் இராது. ஆங்கில இதழ்களில் சென்னை என்று இடாமல் மதராஸ் என்றும், இலங்கை என்று இடாமல் சிலோன் என்றும் தேட நேரும். சொல் உதவாத இடத்தில் நாளைக் கொண்டு தேடுவதே நம்பத்தக்கது: நிகழ்ச்சியின் மறுநாள் தொடங்கி ஒரு வாரத்து இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். நியூயார்க் டைம்ஸ் பொருளடைவு போன்ற அச்சுத் தொகுதிகள், செய்தி வந்த நாள், பக்கம், பத்தி ஆகியவற்றைப் பொருள்வாரியாகத் தந்து இவ்வுழைப்பைக் குறைக்கின்றன. ஒரே நாளில் பல பதிப்புகள் வெளியிட்ட இதழ்களில் படமானது பெரும்பாலும் ஒரு பதிப்பே என்பதால், மேற்கோளில் பதிப்பையும் பார்த்த வடிவத்தையும் குறிப்பது முறை.

கட்டணத் தரவுத்தளங்கள் உறுப்பினரின் கணக்கு வழியே திறக்கும். வெளியாரும் நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணினியில் பயன்படுத்தப் பல உரிமங்கள் இடமளிக்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2007 முதல் நடத்தும் குரானிக்கிளிங் அமெரிக்கா, தமிழ் முரசின் பழைய இதழ்களும் இடம்பெற்றுள்ள சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஆகியவை கட்டணமில்லாதவை.

தெற்காசிய இதழ்களுக்கு 1967இல் தொடங்கிய தெற்காசிய நுண்படத் திட்டம் பெருந்துணை. சிகாகோவின் ஆய்வு நூலக மையமே அதை நடத்துகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்று, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. மூல இதழே கிட்டாதபோது ஆய்வாளர் நாட வேண்டியது பிரிட்டிஷ் அரசு தன் அதிகாரிகளுக்காகத் தொகுத்த சுதேசச் செய்தித்தாள் அறிக்கைகளை. அரசு மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ், தெலுங்கு முதலிய இதழ்களைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கித் தந்த இவ்விரகசிய அறிக்கைகள், பிரதி கிடைக்காத பல இதழ்களின் குரலுக்கு இன்று எஞ்சிய சான்றுகளாகும். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழாக்கிய சுதேசமித்திரனை ஆராய்வோர் இவற்றைத் தவிர்க்க இயலாது. ஆயினும் அரசைப் பற்றிய விமரிசனத்தைத் தேடியே அவை தொகுக்கப்பட்டதால், அவ்விதழ்களில் வந்த கதை, பாட்டு, விளம்பரம், சந்தை நிலவரம் ஆகியவற்றை அவற்றில் எதிர்பார்க்க முடியாது.