கார்க் கண்ணாடி இறங்கிய கதை

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில், "சார், பழைய கார் வைத்திருக்கிறேன், பவர் விண்டோ ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்" என்றார். மோட்டாரை மாற்றுவதற்கு முன் என் கதையைக் கேளுங்கள் என்றேன். அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவரிடம் சித்ரோயன் 'தெ ஷெவோ' கார் இருந்தது. அதன் பெயருக்கு 'இரண்டு குதிரை' என்று பொருள். அந்தக் காரின் முன்கதவுக் கண்ணாடி இறங்காது. கீழ்ப்பாதி வெளிப்பக்கமாக மேலே மடியும், அவ்வளவுதான். மழை வந்தால் கையால் தட்டி மூடுவார். கைப்பிடி சுற்றும் கார்கள் மற்றவர்களிடம் இருந்தன. அந்தக் கைப்பிடியை 'மனிவெல்' என்போம். முன்பக்க முக்கோணக் கண்ணாடியை நான் 'வாசிஸ்தாஸ்' என்று சொல்லிப் பின்னாளில் அலுவலகத்தில் கேலிக்கு ஆளானேன். கதவிலோ சன்னலிலோ உள்ள சிறு திறப்புக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஜெர்மன் மொழியில் "அது என்ன?" என்று கேட்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள்.

அதற்கும் முன்னால் தோல் பட்டைதான். பழைய ரயில் பெட்டிகளில் பட்டையை இழுத்துக் கண்ணாடியை ஏற்றி, பட்டையின் துளையை ஒரு முளையில் மாட்டுவார்கள். ஆரம்பகாலக் கார்களிலும் அதே ஏற்பாடு இருந்தது. பிறகு கைப்பிடி வந்தது. 1940-41 வாக்கில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறும் காரை விற்றது. அதில் கண்ணாடியைத் தூக்கியது எண்ணெய் அழுத்தம். கதவுக்குள் குழாயும் சிலிண்டரும் இருக்கும், கசிந்தால் கதவே நாசம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சிறு மின் மோட்டார் என்ற இன்றைய முறை 1950-களில்தான் பரவியது.

நம் ஊருக்கு அது வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1958-இல் வந்த அம்பாசிடர், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, இரண்டிலும் நான் ஏறியவை எல்லாமே கைப்பிடி வண்டிகள்தான். 1990-களில் தாராளமயம் வந்த பிறகுதான் மோட்டார் கண்ணாடி நடுத்தர வர்க்கத்தை எட்டிப் பார்த்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ, 1999-இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடித் தொழிற்சாலை. பதினான்காம் லூயி காலத்தில் 1665-இல் தொடங்கி, வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி தந்த அதே கம்பெனி. பள்ளியில் மனப்பாடம் செய்த பெயரைச் சென்னை நெடுஞ்சாலையில் பலகையில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என் மனைவிக்குப் புரியவைக்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்துக் கதை வேறு. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002-இல் மறுபடி சேர்ந்தது, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. கோப்புகளோடு இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் எத்தனை முறை போய்வந்தேன் என்று கணக்கில்லை. அந்தச் சாலையின் நிறம் வெள்ளை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பியும் சுண்ணாம்பும் இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகின்றன. அந்தப் பொடி கார்க் கதவின் பீடிங்குக்குள் புகுந்து, மழை ஈரம் பட்டு இறுகி, கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும்.

ஓய்வுக்குப் பிறகு 1999 மாடல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். 2013 மே மாதம், அரியலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். ஏ.சி. அன்று காலைதான் நின்றுபோயிருந்தது. என் மனைவிக்கு இளைப்பு உண்டு. என் பக்கக் கண்ணாடியை இறக்கினால் எதிரே வரும் லாரிகளின் வெள்ளைத் தூசி நேரே உள்ளே வரும். அவள் பக்கம் வயல் காற்று. ஆனால் அவள் பக்கக் கண்ணாடிதான் பத்து நாளாக இறங்கவில்லை. ஒரு கடையில் மோட்டார் போய்விட்டது என்று சொல்லி, புது மோட்டாரும் போட்டாயிற்று. நான்கு நாள் வேலை செய்தது, மறுபடி நின்றது.

பாதி வழியில் அவளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். குரலே சரியாக வரவில்லை. புளியமரத்தடியில் நிறுத்தினேன். இன்ஹேலர் பெட்டியில் எங்கோ அடியில் கிடந்தது. நான் அதைத் தேட, அவள் ஒரு கையால் சுவிட்சை அழுத்திக்கொண்டே மறுகையால் கதவைத் தள்ளித் திறந்தாள். கதவு பாதி திறந்ததும் கண்ணாடி சர்ரென்று இறங்கிவிட்டது.

அன்று அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் நான் இல்லை. அவள் மூச்சு சீராகி, வீடு வந்து, இரவு தூங்கிய பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்தேன். கதவு மூடியிருந்தால் ஓடாத மோட்டார், திறந்தால் ஓடுகிறது. அப்படியானால் பழுது மோட்டாரில் இல்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும், வயர்கள் அதற்குள்தான் போகின்றன. பதினான்கு ஆண்டு கதவைத் திறந்து மூடியதில் உள்ளே செம்புக் கம்பி முறிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பெரம்பலூரில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். ரப்பரை நீக்கிப் பார்த்தார். மேலுறை முழுசாக இருந்தது, லேசாக இழுத்ததும் வயர் கையோடு வந்துவிட்டது. முறுக்கி ஒட்டாமல், கொஞ்சம் நீளமான புது வயரை இடையில் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

அவர் சொல்லித்தந்ததை நண்பரிடம் சொன்னேன். சுவிட்சை அழுத்தும்போது காதைக் கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், பிறகு அந்த ரப்பருக்குள் உள்ள வயர். பல வண்டிகளில் மற்றக் கண்ணாடிகளுக்கான மின்சுற்று டிரைவர் பக்க சுவிட்சு வழியாகத்தான் போகிறது, அங்கே காண்டாக்ட் கருகினாலும் இடது பக்கம் நின்றுவிடும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால், கடைக்காரர்கள் 'மிஷின்' என்று சொல்லும் ரெகுலேட்டரில் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். மெதுவாக, முனகிக்கொண்டு ஏறினால் பீடிங்கில் தூசி. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும், ஆறினால் ஓடும். அதைப் பார்த்து மோட்டார் செத்துவிட்டது என்று பணம் கொடுத்தவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இன்னொன்று. பழைய வண்டிகளில் சுவிட்சின் மேல் முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறும், குழந்தை தலையை வெளியே நீட்டியிருந்தாலும் ஏறும். அதனால்தான் பிறகு வந்த வண்டிகளில் ஏற்றுவதற்கு விரலால் மேலே இழுக்கும்படி வைத்தார்கள்.

பீடிங்குக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக் களிம்பாகும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். நான் பஞ்சர் கடையில் கிடைக்கும் பிரெஞ்ச் சாக் பவுடரைத்தான் தடவுகிறேன், பெயருக்காகவும்தான். மனைவி வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும்.

கார் இன்னும் இருக்கிறது. அவள் பக்கக் கண்ணாடி கார்த்திகை மழையில் கொஞ்சம் முனகும். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான், "ம், எடுங்க" என்பாள்.