கேஸ் எங்கே போயிற்று?

மூன்று கோடைகளாக என் காருக்குக் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். சித்திரை பிறந்ததும் பஞ்சாங்கம் வாங்குவதைப் போல அதுவும் வருஷாந்தரச் செலவாகிவிட்டது. குளிர் குறையும், வழக்கமான கடைக்குப் போவேன். கடைக்காரர் ஒரு குழாயை மாட்டி, சிலிண்டரைத் திறந்து, கால் மணி நேரத்தில் "ஐஸ் மாதிரி இருக்கும், சார்" என்று அனுப்பிவிடுவார். இருக்கவும் இருக்கும். மறு பங்குனியில் பழையபடி அனல்.

நாலாவது வருஷம் மே மாதத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டேன். விழுப்புரம் தாண்டியதும், வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்தாற்போலக் காற்று வந்தது. அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "போன மாசந்தானே ஏதோ ஏத்தினேன்னு சொன்னே. அது எங்கேடா போச்சு?" என்று கேட்டாள்.

"போச்சும்மா" என்றேன். பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

சென்னைக்குத் திரும்பியதும் நண்பர் ஒருவர் வேறொரு பட்டறைக்கு வழி சொன்னார். அங்கிருந்த பாய்க்கு அறுபது வயதிருக்கும். "கேஸ் குறைஞ்சிருக்கு பாய், ஏத்தணும்" என்று நான் சொன்னதும் அவர் சிரித்தார்.

"கேஸ் என்ன பெட்ரோலா சார், எரிஞ்சு தீர? சுத்திச் சுத்தி அதேதான் ஓடணும். குறைஞ்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம்."

உண்மைதான். உள்ளே இருக்கும் சுருளில் திரவம் ஆவியாகி வண்டிக்குள் உள்ள சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை நெருக்கி முன்புறத்துக் கண்டென்ஸருக்குத் தள்ள, அங்கே சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. வண்ணான் துறைக்கும் வீட்டுக்கும் நடக்கும் கழுதை மாதிரி, சுமை மாறுமே தவிர கழுதை மாறாது.

பாய் முதலில் ஓர் இயந்திரத்தை மாட்டி, மிச்சமிருந்த கேஸைத் திரும்ப உறிஞ்சி எடுத்தார். 120 கிராம் என்று காட்டியது. பிறகு நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வந்தார். கண்டென்ஸரின் ஒரு மூலையில் குழந்தை ஊதினாற்போல் சின்னக் குமிழ்கள் கிளம்பின. என்றோ தெறித்த கல்லின் வேலை. கண்டென்ஸரும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரும், ரப்பர் வளையங்களும் புதிதாக ஏறின. கடைசியில் வாக்கும் பம்பு முக்கால் மணி நேரம் ஓடியது. உள்ளே காற்றில்லாத நிலையில், தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாக வெளியேறிவிடுமாம். ஈரம் தங்கினால் கேஸோடு சேர்ந்து அமிலமாகிக் குழாய்களை அரிக்கும். பம்பை நிறுத்திவிட்டு, முள் ஏறுகிறதா என்று பார்க்க இன்னும் அரை மணி காத்திருக்கச் சொன்னார். பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் 450 கிராம் என்று போட்டிருந்தது. அதை நான் ஒருநாளும் படித்ததில்லை. பழைய கடைக்காரரும் படித்ததாக ஞாபகமில்லை.

அந்த அரை மணி நேரம் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன். நானூற்று ஐம்பதில் நூற்றிருபது போக முந்நூற்று முப்பது கிராம். அது எங்கே போயிற்று? அம்மாவின் கேள்வி அப்போதுதான் உறைத்தது. பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோது ஒரு விஷயம் தெரிந்து ஆச்சரியப்பட்டேன். அதே கேள்வியைக் கேட்க உலகத்துக்கும் நாற்பது வருஷங்களுக்கு மேல் பிடித்திருக்கிறது.

குளிர்ப்பெட்டிகளின் ஆரம்ப காலத்தில் அம்மோனியா, ஸல்பர் டையாக்ஸைடு, மெத்தில் குளோரைடு போன்றவைதான் உள்ளே ஓடின. கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். 1928-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய சகாக்களும் மாற்று கண்டுபிடித்தார்கள். விஷமில்லை, தீப்பற்றாது. 1930-ல் ரசாயன நிபுணர்களின் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிந்த மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? ஃப்ரியான் என்ற பெயரோடு அது உலகமெங்கும் பரவியது.

காருக்குள் குளிரைக் கொண்டுவந்தது பாக்கார்ட் கம்பெனி. 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் காட்டினார்கள். சாமான் வைக்கும் இடத்தில் பாதியை அந்தச் சாதனமே அடைத்துக்கொண்டது. குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இரண்டு மூன்று வருஷத்தில் அதைக் கைவிட்டார்கள். ஐம்பதுகளில் உருமாறி வந்தபோதுதான் அது நிலைத்தது. அப்புறம் அமெரிக்காவில் சின்ன டப்பாக்களில் கேஸை அடைத்துக் கடைகளில் விற்றார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கித் தாமே ஏற்றிக்கொள்ளலாம். பழுது பார்ப்பவர்கள் பழைய கேஸை வெட்டவெளியில் திறந்துவிட்டுப் புதிதாக ஏற்றினார்கள். கெடுதல் செய்யாத வஸ்து, திறந்துவிட்டால் என்ன?

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர், தாமே செய்த நுட்பமான கருவியோடு அண்டார்க்டிகா பக்கம் கப்பலில் போனார். மிட்ஜ்லி வாயுவின் உடன்பிறப்பு ஒன்று, போன இடமெல்லாம் காற்றில் இருந்தது. அதனால் ஆபத்தில்லை என்றே அவரும் எண்ணினார். ஆனால் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட கலிபோர்னியாப் பேராசிரியர் ஷெர்வுட் ரோலண்ட், 'சரி, அப்புறம் அது எங்கே போகும்?' என்று யோசித்தார். மெக்ஸிகோவிலிருந்து வந்திருந்த மரியோ மோலினா என்ற இளைஞர் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டார்.

பதிலை 1974-ல் வெளியிட்டார்கள். கீழே எதனோடும் சேராத அந்தச் சாது, மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. ஓஸோன் படலத்தின் உயரத்தில் சூரியனின் கடுமையான கதிர் பட்டு உடைகிறது. விடுபடும் ஒரு குளோரின் அணு சுமார் ஒரு லட்சம் ஓஸோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். எதனோடும் சேராத குணமே அதை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. உற்பத்தியாளர்கள் ஒப்பவில்லை, வாதம் பத்து வருஷங்களுக்கு மேல் நீடித்தது. 1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓஸோன் பெரிதும் குறைந்துவிட்டதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமெரிக்காவில் 1992-ல், பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே பழைய கேஸின் சின்ன டப்பாக்களை விற்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. 1995-ல் ரோலண்டுக்கும் மோலினாவுக்கும், அவர்களோடு பால் க்ருட்ஸனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மிட்ஜ்லி 1944-லேயே காலமாகிவிட்டார்.

தொண்ணூறுகளில் கார்களுக்கு 134ஏ என்ற வேறு கேஸ் வந்தது. என் காரில் ஓடுவதும் அதுதான். அதில் குளோரின் இல்லை. ஓஸோனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் போர்த்திவைக்கும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 1,430 மடங்கு. 2016-ல் கிகாலியில் கூடி, இந்த வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைப்பதென்று தீர்மானித்தார்கள்.

காகிதத்தை எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். என்னிடமிருந்து தொலைந்த 330 கிராம், 470 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சுமார் 200 லிட்டர் பெட்ரோல் எரித்த புகை. அதாவது மதுரைக்கு மூன்று முறை போய் வந்திருக்கலாம். அதுவும் ஒரே மாதத்தில். முந்தின கோடைகளையும் கூட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

பழைய கடைக்காரர்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் ஓட்டையைத் தேடச் சொல்லி நானும் கேட்டதில்லையே! கால் மணி நேரத்தில், குறைந்த காசில் கிடைத்த குளிர் எனக்குப் போதுமாயிருந்தது.

முள் அசையவில்லை. பாய் தராசின்மேல் சிலிண்டரை வைத்து, 450 கிராம் இறங்கியதும் வால்வை மூடினார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா பாய், நல்லா ஜில்லுன்னு இருக்குமே?" என்று கேட்டு வைத்தேன். "அதிகமானாலும் குளிராது சார்" என்றார். தேதியையும் எடையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டார்.

ஓஸோன் படலம் மெதுவாகத் தேறி வருகிறதாம். இப்படியே போனால், அண்டார்க்டிகாவுக்கு மேலே 2066-ஐ ஒட்டி 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று கணித்திருக்கிறார்கள். நான் பார்க்கமாட்டேன்.

இந்த வருஷமும் சித்திரை பிறந்தது. பஞ்சாங்கம் வாங்கினேன். கேஸ் ஏற்றவில்லை.