மெரினாவின் மணல் எங்கிருந்து வந்தது?

மெரினாவில் சாலையை விட்டு இறங்கினால் அலையைத் தொட எவ்வளவு நேரம் நடக்கணும்? நல்ல வெயிலில் செருப்பில்லாமல் நடந்தவங்களுக்கு அந்தத் தூரம் நல்லாவே தெரியும். சில இடங்களில் 400 மீட்டருக்கு மேல் வெறும் மணல். இந்தக் கடற்கரை எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இன்றைய மெரினாவின் வயசு சுமார் 150 ஆண்டுதான். அதே துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, பல இடங்களில் மணலே இல்லாமல் கருங்கல் குவியல்தான் கரை. தெற்கே மணல் சேர்ந்ததும் வடக்கே கரை கரைந்ததும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் வாங்கியபோது இங்கே இயற்கைத் துறைமுகம் எதுவும் கிடையாது. திறந்த கடல், விடாமல் உடையும் அலை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர மசூலா படகுதான் வழி. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக மதராஸின் கடல் வணிகம் முழுக்க இந்தப் படகுக்காரர்களையும் கட்டுமரக்காரர்களையும் நம்பித்தான் ஓடியது. அந்தக் காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்குச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே பெரிசாக இடைவெளி கிடையாது. இன்று அந்தச் சுவருக்கு வெளியே ஒரு அகலச் சாலையும் அதைத் தாண்டிக் கட்டடங்களும் இருக்கின்றன.

1861 வாக்கில் கடலுக்குள் நீளும் ஒரு இரும்புப் பாலம் கட்டினார்கள். நீளம் சுமார் 335 மீட்டர். கப்பல் சரக்கை அதில் இறக்கலாம் என்பது திட்டம். 1868இலும் 1872இலும் வந்த புயல்கள் அதைப் பயனில்லாமல் ஆக்கிவிட்டன. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்க. அந்தப் பாலம் தூண்கள் மேல் நின்றது. தூண்களுக்கு நடுவே தண்ணீரும் போகலாம், மணலும் போகலாம்.

அடுத்து வந்தது அப்படி இல்லை. 1875இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் வரைபடம். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரண்டு கெட்டியான அலைதடுப்புச் சுவர்கள், நடுவே அமைதியான நீர்ப்பரப்பு, கிழக்கே பார்த்த வாசல். வேலை முடியும் நேரத்தில், 1881 நவம்பரில் வந்த புயல் சுவர்களைச் சிதைத்தது. மறுபடி கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

இங்கே கொஞ்சம் மணலைப் பற்றிப் பேசணும். அலை எப்பவும் கரைக்கு நேராக வந்து மோதுவதில்லை, கொஞ்சம் சாய்வாக வரும். வரும்போது மணலைச் சாய்வாக ஏற்றும், திரும்பும்போது நேராக இறக்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு மணல் துகள் கரையோரமாக ஒரு எட்டு நகர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மதராஸ் கரையில் இந்த நடை தெற்கிலிருந்து வடக்கே. வாடைக்காற்று வீசும் சில மாதங்கள் மட்டும் வடக்கிலிருந்து தெற்கே. வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், அதுவும் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். ஆக, கடற்கரை என்பது ஒரே இடத்தில் கிடக்கும் மணல் இல்லை. ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் மணல். போன மணலுக்குப் பதிலாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்துகொண்டே இருப்பதால்தான் கரை அங்கேயே இருப்பதுபோல நமக்குத் தெரிகிறது.

அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு கெட்டிச் சுவர் வைத்தால்? தெற்கே மணல் தேங்கும். வடக்கே அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போகும், ஆனால் ஈடு கட்ட ஒன்றும் வராது.

தேங்கிய பக்கம் உடனே கொண்டாட்டமானது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் இந்தப் புதுக் கரையை ஒட்டி ஒரு உலாவும் சாலை அமைத்தார். சிசிலியில் பார்த்த கடற்கரை நினைவில் 'மெரினா' என்று பேர் வைத்தார். ஊரே பெருமைப்படும் இடம் இப்படித்தான் வந்தது. துறைமுகம் போட்ட கணக்கில் கிடைத்த மிச்சம் அது.

துறைமுகத்துக்கே இந்த மணல் தலைவலிதான். தெற்குச் சுவரில் தேங்கிய மணல் நிறைந்து, சுற்றிக்கொண்டு வந்து கிழக்கு வாசலை அடைக்க ஆரம்பித்தது. 1904இல் பொறுப்புக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை மூடி, வடகிழக்கில் புது வாசல் திறந்தார். இந்தப் பேர் உங்களுக்கு வேறு இடத்தில் தெரிஞ்சிருக்கும். 1912இல் மதராஸ் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜனுக்கு ஆதரவாக நின்ற அதே அதிகாரி. ராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் போட்டது 1913 ஜனவரியில். ஏறக்குறைய அதே சமயத்தில் ஸ்பிரிங், மதராஸ் துறைமுகத்தருகே மணல் நகர்வதைப் பற்றி லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அப்படியென்றால், நூறு வருஷத்துக்கு முன்னாடியே துறைமுகத் தலைவருக்கே இந்தக் கணக்கு தெரியும். 'இயற்கையின் சீற்றம்' என்று இன்னிக்குச் செய்தியில் வரும்போது எனக்கு இந்தத் தேதிதான் ஞாபகம் வரும்.

வடக்கே என்ன ஆச்சு? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக மீனவக் குப்பங்கள் இருந்த கரை அது. அங்கே கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, நூறு ஆண்டுகளில் சில நூறு மீட்டர் கரையைத் தின்றது. சுனாமி மாதிரி ஒரே நாளில் வந்திருந்தால் வரலாற்றுப் புத்தகத்தில் ஏறியிருக்கும். வருஷத்துக்குச் சில மீட்டர் போனால் யார் எழுதுவாங்க? முதலில் வலை காயப்போடும் மணல் போகும், அப்புறம் படகு ஏற்றும் இடம், அப்புறம் முதல் வரிசை வீடு. வீடு போனவர் பின்னாடி ஒரு வரிசையில் நெருக்கிக்கொள்வார். இதில் பல குடும்பங்களுக்குப் பட்டாவும் கிடையாது. புறம்போக்கு நிலம் கடலுக்குள் போனால் எந்தக் கணக்கிலும் அது இழப்பாக வராது.

அரசு சும்மா இருக்கவில்லை, கல் கொட்டியது. ஆனால் கல் சுவரில் மோதும் அலை திரும்பி, சுவருக்கு முன்னால் இருக்கும் மிச்ச மணலையும் அரித்துக்கொண்டு போகும். பின்னால் உள்ள சாலையும் வீடும் தப்பலாம், கடற்கரை தப்பாது. கடற்கரை இல்லாமல் கரைவலை இழுக்க முடியாது, கருவாடு காயப்போட முடியாது, ஃபைபர் படகை மேலே ஏற்ற முடியாது. பிறகு கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் வந்தன. இவை தங்களுக்கு இடையே கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும். அதில் நன்மை உண்டு, மறுக்க முடியாது. ஆனால் கடைசித் தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கு, 1876இல் ராயபுரத்துக்குத் தொடங்கிய அதே பசி தொடங்கும்.

இது சென்னையோடு நிற்கவும் இல்லை. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் கட்டியதும் நகரின் கடற்கரை காணாமல் போய்க் கல் சுவராகிவிட்டது. அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போனது. மாநில எல்லை மணலுக்குத் தெரியாது. ஆனால் நிதி ஒதுக்கீட்டுக்குத் தெரியும். ஒரு யூனியன் பிரதேசம் கட்டிய சுவருக்குப் பக்கத்து மாநிலத்தின் குப்பம் விலை கொடுக்கிறது. எண்ணூருக்கு வடக்கே 2001இல் ஒரு துறைமுகமும், பத்தாண்டு கழித்துக் காட்டுப்பள்ளியில் இன்னொன்றும் வந்தன. அதற்கு வடக்கே இருப்பது பழவேற்காடு ஏரியையும் கடலையும் பிரிக்கும் மெல்லிய மணல் திட்டு.

கடல் மட்டமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகம். மணல் நிறைய உள்ள கரை இதைக் கொஞ்சம் தாங்கும். பட்டினி கிடக்கும் கரை தாங்காது. அதனால் எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின் மேல் போடுவதும் சரியில்லை, அதை ஒதுக்குவதும் சரியில்லை. கரையை முதலில் மெலிய வைத்தது நாம் கட்டிய சுவர். அந்த மெலிந்த கரைமேல்தான் இப்போ கடல் ஏறுகிறது.

'அவங்களை வேற இடத்துக்கு மாத்திட வேண்டியதுதானே?' என்று சுலபமாகக் கேட்கிறோம். சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடலோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டன. வீடு ஒரு பக்கம், படகும் மீன் சந்தையும் இன்னொரு பக்கம். விடிகாலை கடலுக்குப் போகிறவர் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியுமா? போதாக்குறைக்குச் செம்மஞ்சேரியே தாழ்வான இடம், பெருமழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கும். கடல் தண்ணீரிலிருந்து காப்பாற்றி மழைத் தண்ணீரில் விட்ட மாதிரி.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களில் தேங்கும் மணலை, 2001 முதல் குழாய் வழியாக உறிஞ்சி மறுபக்கக் கரைக்கு அனுப்புகிறார்கள். சுவர் மறித்த மணலைச் சுவர் கட்டியவரே எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு. புதுச்சேரியிலும் 2018 வாக்கில் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணற்கரை திரும்பியது. இது ஒரு நாள் வேலை இல்லை. துறைமுகம் இருக்கும் வரை, வருஷா வருஷம் செலவு செய்தபடியே இருக்கணும்.

அந்தச் செலவு யாருடையது என்பதுதான் கேள்வி. பதினைந்தாவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு, அரிப்பைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் நாடு முழுக்கச் சேர்த்துப் பரிந்துரைத்தது. ஆற்றங்கரை அரிப்பும் இதில் அடக்கம். அரிப்பை ஒரு பேரிடராகக் கணக்கில் எடுத்தது நல்ல தொடக்கம். ஆனால் அது மக்கள் வரிப்பணம். ஒரு துறைமுகம் கட்டும்போது கப்பல் வாசலில் மணல் தூர்வாரும் செலவு முதல் நாளிலேயே திட்டக் கணக்கில் ஏறிவிடுகிறது. வடக்கே உள்ள குப்பத்துக்குத் திருப்பித் தரவேண்டிய மணலும் அதே கணக்கில், அதே முதல் நாளில் ஏறணும். 1876இல் அது ஏறவில்லை. அதனால்தான் இன்னிக்கு மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு நாம் உட்காரும் மணலில் பெரும்பகுதி, வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.