புகைக்கு ஒரு வீடு

புகைக்கு நம் நாட்டில் நல்ல பெயரே கிடையாது. ஒருவன் அடுத்தவன் வாழ்வைப் பார்த்து வயிறெரிந்தால், 'உள்ளுக்குள் புகைகிறான்' என்கிறோம். ஊரில் வம்பு கிளம்பினால், 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று கண்ணைச் சிமிட்டுகிறோம். இவ்வளவு ஏச்சு வாங்கிய அந்தப் புகைதான் எத்தனையோ தலைமுறைகளாக நம் வீட்டுப் பண்டங்களுக்குச் சம்பளமில்லாத காவல்காரனாக இருந்து வந்தது. அந்தக் காவல்காரனை நாம் வேலையிலிருந்து நீக்கிய சரித்திரத்தில் நெய்வேலிக்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு.

பழைய கிராமத்து அடுப்பங்கரையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு மேலே ஒரு பரண். அதில் விதைக்கென்று ஒதுக்கிய கதிர்களும், சுரை, பூசணி விதைகளும் கரி படிந்து கிடக்கும், வண்டு அண்டாது. மாமிசம் சாப்பிடுகிற குடும்பமானால், ஆடு அடித்த மறுநாள் முற்றத்துக் கொடியில் உப்பும் மஞ்சளும் தடவிய உப்புக்கண்டம் தொங்கும். மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கயிறு அப்படியே அடுப்புக்கு மேலே இடம் மாறும். இது நேற்றைய வழக்கம் அல்ல. உலர்ந்த இறைச்சிக்கு 'வாடூன்' என்று சங்க காலத்திலேயே நம்மவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனாலும், இறைச்சியைப் புகையூட்டுவதை நாம் தனிக் கலையாக வளர்க்கவில்லை. அதற்குக் காரணம் சூரிய பகவான்தான். நம் சமவெளியில் வருஷத்தில் பெரும்பகுதி வெயில் காய்கிறது. உப்பும் வெயிலும் இருந்தால் போதும். வெயிலை நம்ப முடியாத இடங்களில்தான் மனிதன் புகையின் காலைப் பிடித்தான். ஐரோப்பாவின் வடக்கே அப்படி. நம் நாகா மலைகளிலும் அப்படி. அங்கே இன்றும் பல வீடுகளில் அடுப்புக்கு மேலே இறைச்சி தொங்குகிறது.

நமக்கு மிக அருகில் இந்தக் கலை செழித்த இடம் மாலத்தீவு. 1343-ஆம் ஆண்டில் இபின் பதூதா என்ற மொராக்கோ தேசத்து யாத்திரிகர் அங்கே போய் இறங்கினார். தீவுக்காரர்கள் மீனை நான்காகக் கீறி, லேசாக வேகவைத்து, ஓலைக் கூடையிலிட்டுப் புகையில் தொங்கவிட்டு, நன்றாக உலர்ந்த பிறகு உண்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சரக்கு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் கப்பலேறியதாம். பிறகு அவர் இலங்கை வழியாக மதுரைக்கும் வந்து சேர்ந்தார். அவர் கண்ட அந்த மீன் நமக்கு அந்நியமல்ல. இலங்கைத் தமிழர் வீட்டுச் சம்பலில் மணக்கிறதே மாசிக் கருவாடு, அதேதான்.

புகைக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? விறகு கொழுந்துவிட்டு எரியாமல் கனியும்போது பீனால், பார்மால்டிஹைடு, சில அமிலங்கள் எல்லாம் புகையோடு கலந்து வருகின்றன. இவை மாமிசத்தின் மேல் படிந்து கிருமிகளைத் தடுக்கின்றன. கொழுப்பு கெட்டு நாற்றமடிக்காமல் காக்கின்றன.

சம்பளமில்லாத காவல்காரன் என்று ஆண்கள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். சம்பளத்தைக் கொடுத்தவர்கள் பெண்கள். கண்ணைக் கொடுத்தார்கள், நெஞ்சைக் கொடுத்தார்கள். ஊதுகுழலும் கையுமாகக் குனிந்து குனிந்து, நாற்பது வயதுக்குள் இருமலைச் சொத்தாகச் சேர்த்துக்கொண்ட பாட்டிமார் எத்தனை பேர்! கண்டத்தைக் காத்த அதே புகைதான் அவர்களைத் தின்றது.

இந்த அநியாயத்துக்கு முடிவு கட்ட வேண்டுமென்று சுதந்திரத்துக்குப் பிறகு பலர் முயன்றார்கள். ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை வகுத்தார். கோடிக்கணக்கான குடும்பங்களுக்குப் புகையற்ற சமையலறை என்ற லட்சியத்தை விளக்கி அவர் எழுதிய நூல் 1953-இல் வெளிவந்தது.

அதே காலத்தில் நெய்வேலியில் வேறொரு வழி திறந்தது. 1930-களில் அந்தச் செம்மண் பூமியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது, பீறிட்ட ஊற்று நீரோடு ஏதோ கறுப்பாக வந்தது. பல பனை உயரத்துக்குக் கீழே பழுப்பு நிலக்கரி படுத்திருந்தது. 1956-இல் நிலக்கரிக் கழகம் பதிவாயிற்று. 1957 மே மாதம் 20-ஆம் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

நெய்வேலி நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அப்படியே அடுப்பில் போட்டால் புகைந்து வீட்டையே விரட்டிவிடும். ஆகவே 1960-களில் அங்கே ஓர் ஆலை எழுந்தது. நிலக்கரியை உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றுப் படாமல் சூடாக்கி, தாரையும் பீனாலையும் தனியே பிரித்துவிட்டு, மிஞ்சிய கரிக் கட்டியை 'லெகோ' என்ற பெயரில் விற்றார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் மரக்கரிக்குப் பதிலாக அதை வாங்கின. வேடிக்கையைப் பார்த்தீர்களா? இறைச்சியைக் காக்கும் பீனால் இனம் ஆலையிலேயே நின்றுவிட்டது. அடுப்புக்குச் சூடு மட்டும் வந்தது. பின்னால் எரிவாயு வந்தது. லெகோ ஆலையும் மூடப்பட்டது. பண்டத்தைக் காக்கும் வேலையைக் குளிர்பதனப் பெட்டி ஏற்றுக்கொண்டது. அதற்கு மின்சாரம் கொடுத்ததும் நெய்வேலிதான்.

அடுப்பங்கரையிலிருந்து புகையை வெளியேற்றியது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதன் மணத்தை விரும்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு வழி என்ன? புகைக்குத் தனி வீடு கட்டுவதுதான். கானா நாட்டில் சோர்க்கோர் என்ற மீனவர் குடியிருப்பில் 1970-ஐ ஒட்டி உருவான மண் அடுப்பு இதற்கு நல்ல உதாரணம். சூட்டைப் பிடித்துவைக்கும் தடித்த சுவர். அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மீன் தட்டுகள். தட்டுகளே கூண்டாகிவிடுகின்றன. விறகு செலவு குறைந்தது. மீன் புகைக்கும் பெண்கள் விழுங்கிய புகையும் குறைந்தது.

நெய்வேலி நகரியத்தில், தோட்டமுள்ள வீட்டில் இருக்கும் ஒருவர் இதைக் கட்ட நினைத்தால் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல்லால் வெளிச்சுவர். உள்ளே மண்செங்கல் சுவர். இரண்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளியில் உமிச் சாம்பல். சூட்டைத் தடுப்பதில் உமிச் சாம்பல் கெட்டிக்காரன். எஃகு ஆலைகளிலேயே உருகிய உலோகத்தின் மேல் போர்வையாக அதைத் தூவுகிறார்கள். இந்த நடுப்போர்வை வீண் ஆடம்பரம் அல்ல. சுவர் குளிர்ந்திருந்தால் புகை அதில் பட்டுத் தாராகி இறைச்சியின் மேல் சொட்டும், கசக்கும். சுவர் சூட்டைப் பிடித்துக்கொண்டால் சிறு நெருப்பே போதும். நெருப்பு தனியறையில் இருக்கட்டும். புகை ஒரு குழாய் வழியாகக் கூண்டுக்குள் வந்து, மேலே உள்ள துவாரத்தால் தாராளமாக வெளியேறட்டும்.

விறகுக்குக் கொய்யா, புளி, தேங்காய்ச் சிரட்டை நல்லவை. நிலக்கரியைத் தொடவே கூடாது. பண்ருட்டிப் பக்கம் மலிந்த முந்திரிக்கொட்டை ஓடும் ஆகாது. அதன் எண்ணெய்ப் புகை தோலையும் தொண்டையையும் அரிக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் போல ஆறிய புகையில் நாட்கணக்காகத் தொங்கவிடுவதும் நம் வெயிலில் ஆபத்து. துண்டின் நடுப்பாகம் 75 டிகிரி சென்டிகிரேடை எட்டுமளவு வேகவேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஊறுகாயைப் போலத் தொட்டுக்கொள்வதே நல்லது. புகையூட்டிய மாமிசமும் அடங்கிய பதப்படுத்திய இறைச்சி வகைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2015-இல் சேர்த்துவிட்டது.

கடைசியாக ஒரு நிபந்தனை. இந்தக் கூண்டை அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து தள்ளி, தோட்டத்து மூலையில் கட்டுங்கள். பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு விறகைத் தள்ளும் உத்தியோகத்தை வீட்டுப் பெண்களிடம் ஒப்படைக்காதீர்கள். பாட்டிமார் கொடுத்த சம்பளம் போதும். நாக்குக்கு மணம் வேண்டுமென்று ஆசைப்படுகிறவரே கொஞ்ச நேரம் இருமட்டும்.